நான் ரத்தினவேலு இல்லை

மழைக்காலத்தில் எங்கள் தெருவில் கேபிள் தெளிவாக வராது. படம் புள்ளிபுள்ளியாக இருக்கும், அழுகைச் சத்தம் மட்டும் துல்லியமாகக் கேட்கும். தொடர் பார்ப்பதற்கு அது போதும் என்பது என் அபிப்பிராயம்.

ஆய்வாளர் அம்மா, "நடந்தத நடந்தபடி உங்க கையாலயே எழுதிக் குடுங்க" என்று சொல்லி வெள்ளைத்தாளும் பேனாவும் தந்தீர்கள். நன்றி. கடிதம் எழுதுவது எனக்குப் பழக்கம். பள்ளிக்கூடத்தில் தமிழய்யா சொல்லித் தந்தபடி இடப்பக்கம் ஓரம் விட்டு, பத்தி பிரித்து எழுதுகிறேன். அடித்தல் திருத்தல் இருக்காது.

பெயர் தேவநாதன். கடலூர் முதுநகரில் சொந்த வீடு. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கீப்பர் வேலை. கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் என் கையிலிருந்து ஒரு போல்ட்டு வெளியே போனதில்லை. மனைவி லோகநாயகி, பிறந்த ஊர் திட்டக்குடி. 2005இல் சிதம்பரத்தில் கல்யாணம். போன டிசம்பரில் தானே புயலில் பின்கட்டு அறைமேல் மரம் விழுந்து இறந்துபோனாள். அந்த அறை வெளியே பூட்டியிருந்ததா, பூட்டியிருந்தால் ஏன் திறக்கவில்லை என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. பதில் சொல்ல எட்டு மணித் தொடரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்காத பெண்பிள்ளை இந்த மாவட்டத்திலேயே கிடையாது. அதில் புருஷன் பெயர் ரத்தினவேலு. அடர்ந்த மீசை, எந்நேரமும் சிவந்த கண். பகலிலேயே குடிப்பான். அது கலர் சோடா என்பது நுரையிலேயே தெரியும். மனைவி தேன்மொழி பட்டுப்புடவையோடு தூங்கி, பட்டுப்புடவையோடு எழுந்து, அதே புடவையில் அடி வாங்குவாள். ரத்தினவேலு கையை ஓங்குவது திங்கட்கிழமை. அந்தக் கை அவள் கன்னத்தில் வந்து இறங்குவது வியாழக்கிழமை. நடுவில் மாமியார், நாத்தனார், வேலைக்காரி, சுவரில் மாலையோடு தொங்கும் மாமனார் என்று ஒவ்வொரு முகத்தையும் மூன்று முறை காட்டுவார்கள். மூன்று முறையும் இடி இடிக்கும். அடித்து முடித்தவுடன் பாத்திரம் துலக்கும் சோப்புக்கு விளம்பரம். திரும்பி வந்தால் தேன்மொழியின் நெற்றியில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி, அதன் நடுவில் அளவெடுத்து வைத்தாற்போல் ஒரு சிவப்பு. கண்மை கலைந்திருக்காது. தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். தமிழ்நாடே மூக்கைச் சிந்தும்.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. கணவன் என்றால் இப்படித்தான் என்று ஊருக்கெல்லாம் படம் போட்டுக் காட்டுகிறார்களே. குடிக்காத, புகைக்காத, வேலை விட்டால் நேரே வீட்டுக்கு வருகிற மனிதர்களைப் பற்றி ஏன் ஒருவரும் தொடர் எடுப்பதில்லை? இதைக் கேட்டு இயக்குநருக்கு நிறையக் கடிதம் எழுதினேன். ஒரே ஒரு தடவை பதில் வந்தது. தேன்மொழியாக நடிக்கும் பெண் சிரித்துக்கொண்டிருக்கும் புகைப்படம், கீழே கையெழுத்து. தொடரில் ஐந்து வருஷமாகச் சிரிக்காதவள் அதில் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டச் சொன்னேன். அடி வாங்குகிறவளே இப்படிச் சிரிக்கிறாள், அடியே வாங்காதவள் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று லோகநாயகிக்கு ஒரு மாதிரி வேண்டுமில்லையா.

அவளை நான் அடித்ததில்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு அறை கிடையாது, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அடுத்த வீட்டுத் தங்கம்மாள் என்னைத் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்லும். எங்கள் வீட்டிலிருந்து சத்தமே வந்ததில்லை என்றும் சொல்லும்.

தொடர் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு லோகநாயகியிடம் ஒரு கேள்வி கேட்பேன். "ரத்தினவேலுவப் பாத்தியா? நான் அவன மாதிரியா?"

"இல்லீங்க" என்பாள்.

அவ்வளவுதான். பிறகு சாப்பாடு. தினமும் கேட்பேன். ஸ்டோர்ஸில் ராத்திரி பூட்டுவதற்கு முன்னால் சரக்கைச் சரிபார்க்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருக்கிறது என்று தெரியும், இருந்தாலும் ஒரு தடவை பார்த்துக்கொள்வதில் தப்பில்லை. ஒருநாள் அவள் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தாள். நான் கோபப்படவில்லை. மறுபடி கேட்டேன், மறுபடி கேட்டேன். சோறு ஆறிப்போனது. பொழுது விடியும்போது "இல்லீங்க" என்றாள். பொறுமை என்பது ரத்தினவேலுவிடம் அறவே கிடையாது.

சாப்பாட்டு விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பாரில் உப்பு ஜாஸ்தியாகிவிட்டால் அவன் தட்டைத் தூக்கிச் சுவரில் அடிப்பான். அன்னத்தை எறிவது எவ்வளவு பெரிய பாவம். எங்கள் வீட்டில் உப்பு ஜாஸ்தியானால் நான் தட்டை மெதுவாக நகர்த்தி வைப்பேன். "நீயே சாப்பிடு, எப்படி இருக்குன்னு உனக்கே தெரியும்" என்பேன். குண்டான் காலியாகும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பேன். வாந்தி எடுத்தால் கழுவிவிட்டு வந்து மிச்சத்தைச் சாப்பிடலாம், அதற்கு நான் தடை சொன்னதில்லை. அப்புறம் பாருங்கள், உப்பு ஜாஸ்தியாவதே நின்றுபோனது. சில நாள் உப்பே இருக்காது. நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிடுவேன்.

வாசலைப் பூட்டுவதும் தொடரில் கற்றுக்கொண்டதுதான். யாரோ தெரியாதவன் மணியடித்தான் என்று தேன்மொழி கதவைத் திறந்தாள். வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாளே நல்ல திண்டுக்கல் பூட்டாக ஒன்று வாங்கினேன். வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவேன். அவளுக்கு ஒரு குறையுமில்லை. ஜன்னல் கம்பி வழியாகக் காய்கறி வாங்கலாம், தங்கம்மாளோடு பேசலாம். தங்கம்மாள் கம்பி வழியாகப் பூக்கூடக் கொடுக்கும். செல்போன் வீட்டுக்கு ஒன்று போதும். அது என்னிடம் இருந்தது.

அவளுக்குப் புத்தி தடுமாறுகிற சமயங்களில் பின்கட்டு அறையில் உட்காரவைத்து "யோசி" என்று சொல்லி வாசல் பூட்டாலேயே கதவைப் பூட்டுவேன். ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு போட்ட சின்ன அறை, ஜன்னல் கிடையாது. பாய் இருக்கும், தண்ணீர்ச் செம்பும் டம்ளரும் இருக்கும். யோசித்து முடித்தால் டம்ளரால் கதவைத் தட்டுவாள். திறப்பேன். "நான் அவன மாதிரியா?" என்பேன். "இல்லீங்க" என்பாள். எங்களுக்குள் சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை.

ஒரு தடவை எப்படியோ தங்கம்மாள் மூலமாகத் திட்டக்குடிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். மாமியார் கொளஞ்சியம்மாளும் மச்சான் அன்பரசுவும் கிளம்பி வந்தார்கள். நான் ஆட்டுக்கறி எடுத்து வந்து வைத்துவிட்டு, அவர்கள் மனம்விட்டுப் பேசட்டும் என்று கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சமையலறை பத்தடிதான். எல்லாம் கேட்டது.

"அடிக்கிறாராடி?" என்றார் மாமியார்.

"இல்லம்மா."

"குடிக்கிறாரா?"

"இல்ல."

"வேற பொம்பள சவகாசம்?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப இன்னாதாண்டி உனக்குக் கொறை?"

குழம்பைக் கிளறும் சத்தம் கேட்டது. பிறகு லோகநாயகி சொன்னாள். "உப்பு ஜாஸ்தியாப் போனா சாம்பாரு முழுசையும் என்னையே சாப்டச் சொல்றாரும்மா."

மாமியார் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு, எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அடி போடி இவளே. உங்கப்பன் எனக்குக் கொழம்பு மிச்சம் வச்சதே கெடையாது. சாப்புடுன்னு சொல்ற புருஷன வச்சிக்கிட்டு மூக்கால அழுவுற. அந்தத் தேன்மொழி படுற பாட்டப் பாத்தாவது புத்தி வர வேணாமா?"

அன்பரசு என்னிடம் வந்து தலையைச் சொறிந்தான். "அதுக்கு வெளயாட்டுப் புத்தி மாமா. மனசுல வச்சிக்காதீங்க."

"சேச்சே, வா மச்சான், சாப்பிடலாம்" என்றேன். கறிக்குழம்பில் உப்பு சரியாக இருந்தது. ராத்திரி எட்டு மணித் தொடரை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். ரத்தினவேலு பெல்ட்டைக் கழற்றினான். மாமியார் அவனை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். இயக்குநர் மேல் எனக்கிருந்த வருத்தம் அன்றைக்குத்தான் கொஞ்சம் குறைந்தது.

அதன் பிறகு லோகநாயகி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் முகத்தில் பிளாஸ்திரி இல்லை, பின்னணியில் இடி இல்லை. என்னவென்று சொல்வாள்?

நாலைந்து வருஷம் நன்றாகத்தான் போனது. போன டிசம்பரில் தொடர் முடியும் கட்டத்துக்கு வந்தது. லாரி மோதி ரத்தினவேலுவுக்கு இரண்டு காலும் போய்விட்டன. கால் போனால் மனிதன் திருந்திவிடுவான் என்பது தொடர்க்காரர்களின் வைத்தியம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து "என்னை மன்னித்துவிடு தேன்மொழி" என்றான். அவளும் மன்னித்து அவன் நெற்றியில் விபூதி வைத்தாள். அதைப் பார்த்து லோகநாயகி சிரித்தாள். அழ வேண்டிய இடத்தில் சிரித்தாள். நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம் வாசலைத் திறந்து உள்ளே வந்தேன். ஒரு பையில் நாலு புடவையை மடித்து வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"காயத்ரி அண்ணாமலை நகர்ல ஒரு மழலையர் பள்ளியில வேல பாத்து வச்சிருக்கா. நாளைக்கு சிதம்பரம் போறேங்க" என்றாள். காயத்ரி அவளோடு படித்தவள். ஜன்னல் கம்பி வழியாகத் தங்கம்மாள் வெறும் பூவை மட்டும் கொடுக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. செல்போனையும் நீட்டியிருக்கிறது.

ரத்தினவேலுவாக இருந்தால் என்ன செய்திருப்பான் என்று உங்களுக்கே தெரியும். நான் பையை வாங்கி அலமாரியில் வைத்தேன். "நல்ல விஷயந்தான். அவசரப்படாத. யோசி" என்றேன். அவள் மறுக்காமல் எழுந்து பின்கட்டுக்கு நடந்தாள். தொந்தரவு கொடுக்கிறவள் இல்லை. பூட்டினேன்.

அன்றைக்கு டிவியில் தொடருக்கு அடியில் புயல் அறிவிப்பு ஓடிக்கொண்டே இருந்தது. ஓலை வீடு, சீட்டு வீடுகளில் இருப்பவர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும் என்று. பாதியில் கரண்ட் போய்விட்டது. தொடர் என்ன ஆனதென்று தெரியவில்லை.

விடிகாலையில் காற்று ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள், விவரிக்கத் தேவையில்லை. நான் படுத்திருந்தது கான்கிரீட் கூடம். பின்கட்டிலிருந்து ஒரு தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அதற்கு முன் அவள் என் பெயரைச் சொன்னதில்லை. அப்புறம் டம்ளர் சத்தம்.

நடுவில் காற்று சட்டென்று ஓய்ந்தது. வெளிச்சம் வந்திருந்தது. தெருக்காரர்கள் முடிந்துவிட்டதென்று நினைத்து வெளியே வந்து பார்த்தார்கள். தங்கம்மாள் தன் வீட்டு ஜன்னலிலிருந்து கத்தியது. "சார்! எங்க மனையில வேப்பமரம் வேரோட ஆடுது சார். உங்க சீட்டு ரூமு பக்கம் போவாதீங்க. லோகாவ உள்ளயே இருக்கச் சொல்லுங்க."

"உள்ளதான் இருக்கா" என்றேன். பொய் சொல்லவில்லை.

பின்கட்டுக்குப் போனேன். சாவி கையில் இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. "யோசிச்சிட்டியா?" என்றேன்.

"கதவத் தொறங்க. சீட்டு ஒன்னு பிச்சிக்கிட்டுப் போயிடுச்சி" என்றாள்.

"தொறக்கறேன். கேட்டதுக்குப் பதில் சொல்லு. நான் அவன மாதிரியா?"

ஒரு வார்த்தை, அம்மா. ஆறு வருஷமாகச் சொன்ன அதே வார்த்தை. சொல்லியிருந்தால் அன்றைக்குச் சிதம்பரம் பஸ் ஓடவில்லையே தவிர, உயிரோடு கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்திருப்பாள். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"அவன் எவ்வளவோ தேவலங்க. அவன் அடிக்கிறான்னு சொன்னா கேக்கறவங்களுக்குப் புரியுது."

சீட்டு இல்லாமல் நான் எதையும் வெளியே விடுவதில்லை என்று முன்பே எழுதியிருக்கிறேன். ஒரு நாற்காலியை இழுத்துக் கதவுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தேன். நிதானமாக யோசிக்கட்டும் என்றிருந்தேன். காற்று மறுபக்கத்திலிருந்து திரும்பி வந்தது. முன்னை விடப் பலம். மரம் விழுந்தபோது கதவு அதிர்ந்தது. ஆனால் பூட்டு நல்ல பூட்டு.

அதற்கப்புறமும் டம்ளர் சத்தம் வந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். முதலில் வேகமாக, அப்புறம் விட்டுவிட்டு. தட்டினால் யோசித்து முடித்துவிட்டாள் என்றுதான் எங்களுக்குள் அர்த்தம். ஒவ்வொரு தட்டலுக்கும் நான் கேட்டேன். குரலை உயர்த்தாமல்தான் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. காற்றில் எனக்குக் கேட்காமலும் போயிருக்கலாம். சத்தம் நின்ற பிறகு திறந்தேன்.

பூட்டைக் கழற்றித் துடைத்து வாசல் கதவில் மாட்டினேன். அதன் இடம் அதுதான். காற்று விட்டதும் தங்கம்மாளும் தெருக்காரர்களும் வந்தார்கள். நான் நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை, தரையில் புரளவில்லை. "பாவம், மனுஷன் கல்லாயிட்டாரு" என்றார்கள். ரோடெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. புயல் சாவு என்று எழுதிக்கொண்டார்கள். ஊரில் யாரும் பின்னால் ஒரு கதவு இருந்ததாக நினைத்துப் பார்க்கவில்லை. குடிக்காத வீட்டில் எதற்குப் பூட்டைத் தேட வேண்டும்?

இதோடு முடிந்திருக்கும். ஆவணியில் அன்பரசு மகளுக்குக் காதுகுத்து. திட்டக்குடிக்குப் போனேன். அந்தச் சமயத்தில் கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று எவருக்கும் தெரியாது. அன்றைக்குப் பார்த்து எட்டு மணிக்குக் கரண்ட் இருந்தது. புதுத் தொடர். பழைய ரத்தினவேலு இதில் பாசமுள்ள அப்பாவாம், கால் இரண்டும் முளைத்துவிட்டன. இதில் வேறொரு மீசைக்காரன் பொண்டாட்டியை அறையில் போட்டுப் பூட்டுகிறான். அவள் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு கதறுகிறாள், கதவில் நெற்றியை மோதுகிறாள், வளையல் ஒன்றொன்றாக உடைகிறது. என் மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

தப்பாகக் காட்டினால் எனக்குப் பொறுக்காது. அது என் சுபாவம். "இதெல்லாம் சும்மா" என்றேன். "பூட்டிப் போட்டா இப்படியா கத்துவாங்க? மொதல்ல ஒரு தடவ கூப்புடுவாங்க. அப்புறம் டம்ளராலதான் தட்டுவாங்க. மரம் வுழுந்த பின்னாடி அதுவும் மெதுவாத்தான் கேக்கும்."

அன்பரசு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தான். "இன்னா மாமா சொன்னீங்க?" என்றான்.

சரியாகக் கேட்கவில்லையாக்கும் என்று இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னேன்.

யாரும் கத்தவில்லை. கொளஞ்சியம்மாள் மட்டும் டிவியையே பார்த்துக்கொண்டு, "சாம்பாரு சாப்டச் சொல்றாருன்னு சொன்னாளேடா. நான் சிரிச்சேனேடா" என்றார். பின்னணி இசையில்லாமல் ஒரு பெண்பிள்ளை அழுவதை நான் அப்போதுதான் கவனித்துப் பார்த்தேன். பார்க்க நன்றாக இல்லை.

நடந்தது இவ்வளவுதான். அறையைப் பூட்டியது நான். மரம் ஆடுவது தெரிந்தும் திறக்காமல் உட்கார்ந்திருந்தது நான். விழுந்த பிறகும் அவள் உயிரோடு இருந்தாள் என்று தெரிந்தே காத்திருந்ததும் நான். யாரும் என்னை மிரட்டி எழுதி வாங்கவில்லை. நாளைக்கு இதை யாராவது தொடராக எடுத்தால் என் பாத்திரத்துக்கு மீசை ஒட்ட வேண்டாம், கையில் கலர் சோடா கொடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் படித்தவர், பல பேரைப் பார்த்தவர். நானும் வரிசை தவறாமல் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இப்போது நீங்களே சொல்லுங்கள் அம்மா, நான் அவனைப் போலவா?

அவசரமில்லை. யோசித்துச் சொல்லுங்கள். நான் உட்கார்ந்திருக்கிறேன்.